முதலாம் பேஸுக்குப் போய்த் திரும்பி வந்த கதை

தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்து ஆண்களுக்குக் கிடையாது. என் அப்பா வாழ்நாளில் ஒருமுறையும் கார் ஓட்டியதில்லை. ஆனால் அவர் ஏறிய ஒவ்வொரு வாடகைக் காரிலும், பின் சீற்றில் இருந்தபடி, சாரதிக்குக் கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்துக்கொண்டேதான் போவார். நானும் அந்த வம்சம்தான். ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே, நிலக்கீழ் ரயிலில் வழி கேட்ட ஒரு முதியவரை மிகுந்த மரியாதையோடு எதிர்த்திசை வண்டியில் ஏற்றி அனுப்பி வைத்தேன். (மனுசன் எங்க போய் இறங்கினாரோ, பாவம்.) இப்படி எத்தனையோ பேரைத் தனித்தனியாக வழி தவற விட்டிருக்கிறேன். பத்துப் பிள்ளைகளை ஒரே நேரத்தில், ஊரே பார்த்திருக்க, வழி தவற விட்டது மட்டும் ஒரே ஒரு தடவைதான். அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் தட்டில் நாங்கள் இருந்தோம். 'நாங்கள்' என்று சொல்வதே அப்போது எனக்குப் புதுசு. அதற்கு முன் ஐந்தரை வருடம் நான் தனி ஆள். மகள் தர்சினி ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். என் அகதி வழக்கு முடிந்து, பத்திரங்கள் எல்லாம் சரிவந்து, அவளும் என் மனைவி வசந்தியும் ஓர் ஒக்ரோபர் மாதத்தில் வந்து இறங்கியபோது அவளுக்கு ஆறு வயது முடிந்திருந்தது.

விமான நிலையத்திலேயே அவள் என்னை 'அப்பா' என்று கூப்பிட்டாள். வசந்தி பழக்கிக் கூட்டி வந்திருந்தாள். ஆகவே அப்பா என்ற சொல்லுக்கு எனக்குக் குறைவில்லை. குறை வேறு விதமானது. பிள்ளை என்னோடு அவ்வளவு மரியாதையாக இருந்தாள். "தண்ணி குடிக்கலாமோ, அப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பாள். என்ன கொடுத்தாலும் "தாங்ஸ், அப்பா" என்பாள். தாயோடு சண்டை பிடித்து, சீப்போடு தலை இழுக்க வந்தால் நிலத்தில் உருண்டு, புட்டு வேண்டாம் என்று கோப்பையைத் தள்ளி, வீட்டை இரண்டாக்கிக் கொண்டிருப்பாள். நான் கதவைத் திறந்தால் போதும், பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி எழும்பிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே நிற்பாள்.

நானும் சும்மா இல்லை. "பிள்ளை, கொஞ்சம் பால் குடிக்கிறீங்களோ?" என்று, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பது போலத்தான் கேட்பேன். "ஓம், அப்பா" என்று வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்து, கோப்பையைக் கழுவி வைப்பாள். ஆறு வயதுப் பிள்ளை! பெட்டி செய்யும் தொழிற்சாலையில் நின்று வேலை செய்யும்போதெல்லாம் எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. இவள் ஒரு நாளாவது என்னோடும் சண்டை பிடிக்க மாட்டாளா?

இந்த நிலையில்தான், ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், அவள் பள்ளிப் பையிலிருந்து ஓர் இளஞ்சிவப்புத் தாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மிஸ் தந்தவ."

எங்கள் பகுதிச் சமூக நிலையம் சிறுவர்களுக்குப் பேஸ்போல் பழக்கப்போகிறதாம். ஆறு, ஏழு வயதுக்காரர் சேரலாமாம்.

"விருப்பமோ, பிள்ளை?"

"உங்களுக்கு விருப்பமெண்டால் எனக்கும் விருப்பம்."

பிறகு போய்விடாமல் அங்கேயே நின்றாள். காலால் கம்பளத்தைச் சுரண்டினாள். அப்புறம் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு இந்த விளையாட்டுத் தெரியுமோ?"

அவள் வந்து ஆறு மாதத்தில், அனுமதி கேட்காமல், தானாக என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. அதற்குப் போய் 'தெரியாது' என்று எப்படிச் சொல்வது? உலகத்தில் எந்தத் தகப்பனால் முடியும்? (முடியும் எண்டு வசந்தி சொல்லுறாள். அவள் எங்கட வம்சம் இல்லைத்தானே.)

"தெரியுமோவோ?" என்றேன் நான். "அப்பா ஊரிலை கிரிக்கெட் விளையாடின ஆள். அதுவும் இதுவும் ஒண்டுதான்."

நான் கிரிக்கெட் விளையாடியது உண்மை. எங்கள் பள்ளிக்கூட அணியில் பன்னிரண்டாவது ஆளாக இரண்டு வருடம் தண்ணீர்ப் போத்தல் சுமந்திருக்கிறேன். மூன்றாவது வருடம் ஒருவனுக்கு அம்மை போட, ஒரு நாள் உள்ளே இறங்கி நான்கு ஓட்டம் எடுத்தேன். அதில் மூன்று என் முழங்காலில் பட்டுப் போனவை. இந்த அனுபவத்தோடுதான் தர்சினியைப் பதியப் போனேன்.

பதிகிற இடத்தில் ஃபிராங்க் என்று ஒரு பெரியவர் இருந்தார். இளைப்பாறிய பஸ் சாரதி, இத்தாலியர், கை இரண்டும் விறகுக் கட்டை மாதிரி. அணிக்கு அவர்தான் கோச். துணைக்கு ஒரு தகப்பன் வேண்டும் என்று வரிசையில் நின்ற எல்லோரையும் பார்த்தார். ஆம்பிளைகள் எல்லோரும் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார்கள். நான் மட்டும் என் மகளைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை தானாக உயர்ந்தது.

எங்கள் அணிக்கு ரீசேர்ட் கொடுத்தவர் ஒரு பல் வைத்தியர். முதுகில் ஒரு பெரிய கடைவாய்ப் பல் சிரித்துக்கொண்டிருக்கும். பல்லுக்குக் கையும் காலும் இருந்தன. பத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் கிடைத்ததால், தர்சினிக்கு அது முழங்கால் வரை தொங்கியது. எனக்கு வயிறு வரைதான் வந்தது.

முதல் இரண்டு கிழமையும் ஃபிராங்க் பந்து எறியவும் பிடிக்கவும்தான் பழக்கினார். இந்த வயதில் யாரும் பந்து வீசுவதில்லை. இடுப்பளவு உயரமான ஒரு ரப்பர் கம்பத்தின் மேல் பந்தை வைப்பார்கள். பிள்ளை அதை அடிக்க வேண்டும். பந்து அசையாமல் இருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் காலத்தில் இந்த வசதி இருந்திருந்தால் நானும் சதம் அடித்திருப்பேன். ஆனால் அடித்த பிறகு எங்கே ஓடுவது, எப்படி ஓடுவது என்று சொல்லித் தருவதற்கு முன், ஃபிராங்க் வீட்டுக் கூரையில் மழைநீர்ப் பீலி துப்புரவாக்க ஏறி, ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலைப் பிரட்டிக்கொண்டார். தொலைபேசியில் கூப்பிட்டார். அடுத்த இரண்டு பயிற்சியையும் முதல் ஆட்டத்தையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"உனக்கு விளையாட்டுத் தெரியும்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இதென்ன கேள்வி?" என்று நானும் ஆங்கிலத்தில் சிரித்தேன். பக்கத்தில் தர்சினி நின்றாள்.

இங்கே வாசிப்பவர்கள் ஒன்று கேட்பீர்கள். ஆறு வருடம் ரொறன்ரோவில் இருந்திருக்கிறாய். நகரத்து அணி இரண்டு வருடம் அடுத்தடுத்துக் கிண்ணம் எடுத்து, தெருவெல்லாம் கார் ஹோர்ன் அடித்தார்கள். நீ இந்த விளையாட்டைப் பார்க்கவே இல்லையா? பார்த்தேன். இரண்டு வேலை செய்தவனுக்கு எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவு பார்த்தேன். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில், செய்திக்கு நடுவில், ஒருவர் பந்தைச் சனத்துக்குள் அடிப்பார். பிறகு மைதானத்தைச் சுற்றி ஆறுதலாக ஓடுவார். சனம் எழும்பிக் கைதட்டும். நான் நினைத்தேன், சிக்ஸர் அடித்த சந்தோசத்தில் மனுசன் எல்லோருக்கும் முகம் காட்டிக்கொண்டு ஒரு சுற்று வருகிறார் என்று. சாதாரண ஓட்டம் என்றால் முதலாம் பேஸ் என்ற மெத்தைக்குப் போய்த் திரும்பி வருவதுதான் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. விக்கெட்டுக்கு விக்கெட். வேறு எப்படி ஓடுவது?

வசந்திதான் முதல் கேள்வி கேட்டாள். இரவுச் சாப்பாட்டில் உப்பு, மிளகாய்த்தூள் போத்தல்களை வைத்து நான் தர்சினிக்கு மைதானத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சருங்கோ, நாலு மெத்தை போட்டுக் கிடக்கு. ரெண்டுக்கு நடுவிலைதான் ஓடுறதெண்டால், மற்ற ரெண்டும் என்னத்துக்கு?"

"அது பந்து பிடிக்கிற பிள்ளையள் நிக்கிறதுக்கு. இல்லாட்டி சின்னனுகள் அங்கை இஞ்சை போயிடுமெல்லே."

"ஓ," என்றாள் வசந்தி. அவளுடைய 'ஓ'வில் பல வகை உண்டு. அது நல்ல வகை இல்லை.

தர்சினி மட்டும் மிளகாய்த்தூள் போத்தலைப் பார்த்துக் கவனமாகத் தலையாட்டினாள். "ஓம், அப்பா."

பயிற்சியில் என் கையில் பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். நான்கு பேர் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள். மற்றவர்கள் பாகிஸ்தான், கயானா, ஆப்கானிஸ்தான், கிரேக்கம் என்று உலகப் படத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள். மட்டையைக் கைவிடாதே, ஓடும்போதும் கூடவே கொண்டு ஓடு, கையை நீட்டி மட்டை நுனியால் பேஸைத் தொடு, தொட்ட உடனே திரும்பு என்று என் ஞானம் முழுவதையும் இறக்கினேன். புல்வெளி ஓரம் நின்ற பாகிஸ்தான் தகப்பன் ஒருவர் "சபாஷ்!" என்றார். கயானாக்காரத் தாய் ஒருவர் கைதட்டினார். எங்கள் கட்டடத்தில் நான்காம் தட்டில் இருந்த குலம் அண்ணை, அவருடைய மகன் பிரதீபனும் அணியில் இருந்ததால், கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"தம்பி, நீர் சொல்லிக் குடுக்கிறது அச்சொட்டு," என்றார். "உவங்கள் கிரிக்கெட்டிலையிருந்து களவெடுத்ததுதானே உது."

நிக்கோ என்ற கிரேக்கப் பையன் மட்டும் முகத்தைச் சுளித்தான். "என் அண்ணா இப்படி ஓட மாட்டான்," என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

"உன் அண்ணா பெரியவன். சின்னவர்களுக்கு வேற," என்றேன். அவன் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆறு வயதில் அவ்வளவு அவநம்பிக்கை கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்ட நாள் ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை. எதிரணியின் பெற்றோர் மடக்குக் கதிரை, ஐஸ் பெட்டி, வெட்டிய தோடம்பழம் என்று முழு ஆயத்தமாக வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் பாய் விரித்து, வசந்தி மூன்று பிளாஸ்க் தேத்தண்ணியும் எண்பது மரக்கறி ரோல்ஸும் கொண்டு வந்திருந்தாள். நடுவர், ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, கண்ணுக்குக் குளிர்ச்சியான முகம். நான் சட்டைப் பையிலிருந்து ஒரு குற்றியை எடுத்து, "பூவா தலையா?" என்ற பாவனையில் நின்றேன். அவர் குற்றியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்கள்தான் முதலில் அடிக்கிறீர்கள், சேர். வெளியிலிருந்து வந்த அணிதான் எப்போதும் முதலில்," என்றார். நாணயம் போடாத நாட்டில் நியாயம் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் குறை பட்டபடி பிள்ளைகளிடம் வந்தேன். எதிரணி முதலில் அடித்திருந்தால் நான் பார்த்துத் திருந்தியிருப்பேன். விதி விடவில்லை.

முதலில் பிரதீபன். கண்ணை மறைக்கும் தலைக்கவசத்தோடு போய், மூன்று தரம் கம்பத்தையே அடித்து, நான்காம் தரம் பந்தை அடித்தான். பந்து பத்தடி உருண்டது. எதிரணிப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரே நேரத்தில் அதன் மேல் விழுந்தார்கள். பிரதீபன் மட்டையோடு ஓடி, முதலாம் பேஸை நுனியால் தொட்டு, சிங்கம் போலத் திரும்பி ஓடி வந்தான்.

"ரெண்டு!" என்று கத்தினேன்.

"நல்ல ஓட்டமடா!" என்று குலம் அண்ணை கதிரையிலிருந்து எழும்பினார்.

நடுவர் சிரித்தார். பிரதீபனின் தோளில் கை வைத்து மெல்ல முதலாம் பேஸுக்குக் கூட்டிப் போய், "இங்கேயே நில், கண்ணா," என்று நிறுத்திவிட்டு வந்தார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. எதிர்முனையில் ஓர் ஆட்டக்காரன் நிற்க வேண்டும் என்பது நானே மறந்துபோன விசயம் அல்லவா? பிரதீபனின் கையிலிருந்த மட்டையை அவர் ஏன் வாங்கப் பார்த்தார் என்றுதான் விளங்கவில்லை. பிரதீபன் கொடுக்கவில்லை. நான் பழக்கிய பிள்ளை.

அடுத்தது தர்சினி.

என் நெஞ்சு அடித்த அடியில் முதுகுப் பல் ஆடியிருக்கும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் மட்டையை உயர்த்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரே அடி. பந்து எல்லோருடைய கால்களுக்கும் இடையால் போய், தூரத்தில் மஞ்சள் பூ மண்டிய புல்லுக்குள் விழுந்தது. அங்கே பூப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையன் பந்தைக் கண்டெடுத்த சந்தோசத்தில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தன் தாய்க்குக் காட்ட ஓடினான்.

"ஓடு, பிள்ளை! ஓடு!"

தர்சினி முதலாம் பேஸுக்கு ஓடினாள். அவள் வருவதைக் கண்ட பிரதீபன், பழக்கியபடியே, இங்கே ஓடி வந்தான். இருவரும் நடுவழியில் மட்டைகளோடு ஒருவரை ஒருவர் கடந்தார்கள். தொட்டார்கள். திரும்பினார்கள். மறுபடி கடந்தார்கள்.

"ரெண்டு! மூண்டு! இன்னும் ஓடுங்கோ, பந்து வரேல்லை!"

பந்து அப்போது தாயின் மடியில் இருந்தது. எங்கள் பாயில் ஒரே ஆரவாரம். பாகிஸ்தான் தகப்பன் விசிலடித்தார். கயானாக்காரத் தாய் ரோல்ஸைக் கையில் பிடித்தபடி துள்ளினார். குலம் அண்ணை விரல் விட்டு எண்ணினார். எதிர்ப்பக்கத்தில் மடக்குக் கதிரைகள் எல்லாம் மௌனமாகிவிட்டன. நான் அதை அச்சம் என்று நினைத்தேன்.

"அஞ்சு! ஆறு! கடைசி ஒண்டு, தர்சி! ஏழு!"

அப்போதுதான் நடுவர் நடுவில் வந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நடுவர் இரண்டு கையையும் உயர்த்தினால் அது ஆறு. எனக்கு ரத்தம் கொதித்தது. என் மகள் வேர்க்க விறுவிறுக்க ஓடியது ஏழு. இந்தப் பெண்மணி ஆறு மட்டும் தருகிறார். விடுவேனா? விறுவிறென்று மைதானத்துக்குள் நடந்தேன்.

"மேடம், ஆறு இல்லை. ஏழு. வேண்டுமானால் அவரிடம் கேளுங்கள்," என்று குலம் அண்ணையைக் காட்டினேன். அவர் ஏழு விரலை உயர்த்திப் பிடித்தார்.

ஆட்டத்தை நிறுத்த உயர்த்திய கைகளை நடுவர் மெல்ல இறக்கினார். "சேர்," என்றார் மிக மென்மையாக, "பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?"

பிறகு அவரே சொன்னார். முதலாம், இரண்டாம், மூன்றாம் பேஸ், கடைசியில் அடித்த இடமான ஹோம். சுற்றி வந்தால்தான் ஓட்டம் ஒன்று. திரும்பி ஓடுவது இல்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். ஒவ்வொரு பேஸாக விரலால் காட்டிச் சொன்னார், ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்வது போல. எதிர்ப்பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். வாங்கிலிருந்து நிக்கோ கத்தினான்: "நான் அப்பவே சொன்னேன்!"

நான் திரும்பினேன். தர்சினி பக்கத்தில் நின்றாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிவந்து, தலைக்கவசம் ஒரு பக்கம் சரிந்து, தன்னை விடப் பெரிய மட்டையை இன்னும் விடாமல் பிடித்தபடி. அவளுக்கு ஆங்கிலம் என்னை விட நன்றாக விளங்கும்.

"அப்ப நான் ஓடின ஏழும்?" என்றாள்.

"அது... கணக்கிலை வராதாம், பிள்ளை."

"ஒண்டுமோ?"

"ஒண்டும் வராதாம்."

'பரவாயில்லை, அப்பா' என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். எட்டு மாதமாக அதைத்தானே கேட்டு வந்தேன். அவளுடைய கீழுதடு துடித்தது. மட்டை கீழே விழுந்தது. தலைக்கவசத்தைக் கழற்றி நிலத்தில் அடித்தாள்.

"தெரியுமெண்டு சொன்னனீங்கள்!"

மைதானம் முழுவதும் கேட்டது.

"நான் கேட்டனான்! தெரியுமோ எண்டு கேட்டனான்! தெரியும் எண்டு சொன்னனீங்கள்! இட்ஸ் நொட் ஃபெயர்! ஏழு தரம் ஓடினனான்! கால் நோகுது!"

"பிள்ளை..."

"உங்களுக்கு ஒண்டுமே தெரியாது! பால் போடவும் தெரியாது! ஒவ்வொரு நாளும் சீனி கூடப் போடுறீங்கள்! எனக்குப் பிடிக்கிறேல்லை! நான் சும்மா குடிக்கிறனான்! கதை சொல்லவும் தெரியாது, நடுவிலை நித்திரையாப் போறீங்கள்! படத்திலை இருந்த மாதிரியும் நீங்கள் இல்லை! படத்திலை தலை நிறைய மயிர் இருந்தது!"

கையைப் பொத்தி என் வயிற்றில் ஒன்று போட்டாள். பிறகு இன்னொன்று. பிறகு ஓவென்று அழத் தொடங்கினாள்.

வசந்தி பாயிலிருந்து ஓடி வந்தாள். "தர்சினி! அப்பாவோடை இப்பிடியே கதைக்கிறது?"

"விடும்," என்றேன். "அவள் பேசட்டும்."

நியாயப்படி எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். இரண்டு அணியும், நடுவரும், முப்பது நாற்பது பெற்றோரும் பார்த்திருக்க, கடைவாய்ப் பல் போட்ட ஒருவனுக்கு அவன் மகள் பகிரங்கமாக அடிக்கிறாள். எனக்கு வெட்கம் வரவில்லை. சந்தோசத்தில் கண்ணீர்தான் வந்தது. சீனி கூடிய பாலை எட்டு மாதம் குடித்திருக்கிறாள்! இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு எனக்கு 'தாங்ஸ்' சொல்லியிருக்கிறாள். விருந்தாளி எவரும் வீட்டுக்காரனை இப்படி ஏச மாட்டார். அன்றைக்குத்தான் அவள் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

நான் அழுவதைக் கண்டு எதிரணிக் கோச் பதறிப்போனார். "பரவாயில்லை, நண்பா, முதல் ஆட்டம்தானே," என்று முதுகில் தட்டினார். நடுவர் எவரையும் வெளியேற்றவில்லை. பிரதீபனை இரண்டாம் பேஸிலும் தர்சினியை முதலாம் பேஸிலும் நிறுத்தினார். போகுமுன் தர்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இனி நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ. வாயைத் திறக்காதேங்கோ."

"ஓம், பிள்ளை," என்றேன். மீதி ஆட்டம் முழுவதும் உள்ளங்கையால் வாயைப் பொத்தியபடி நின்றேன். அடுத்த பிள்ளை அடிக்க, அவள் இரண்டாம் பேஸுக்குப் போனாள். அடுத்தது, மூன்றாம் பேஸ். பிறகு ஹோமுக்கு ஓடி வந்து இரண்டு காலாலும் அதன் மேல் குதித்தாள். குதித்த கையோடு என்னைப் பார்த்தாள், வாய் மூடித்தான் இருக்கிறதா என்று. மூடித்தான் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் முடியவில்லை என்பதால் மற்றப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் தாய்க்குப் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்தாள். நான் முன்னால் எதிர் சீற்றில். மூன்றாவது தரிப்பில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் நீட்டி என் மடியில் வைத்தாள்.

"பிடிச்சு விடுங்கோ," என்றாள். "உங்களாலைதான் நோகுது."

வீடு வந்து சேரும் வரை பிடித்துவிட்டேன். தரிப்பு வந்தபோது அவள் நித்திரை. மறுநாள் காலை அரைக் கரண்டிச் சீனி மட்டும் போட்டுப் பால் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "இப்பவும் சீனி கூட."

ஃபிராங்க் ஊன்றுகோலோடு திரும்பி வந்து நடந்ததைக் கேட்டு, சிரித்த சிரிப்பில் கணுக்கால் மறுபடி நொந்து வாங்கில் இருந்துவிட்டார். என்னைக் கோச் வேலையிலிருந்து விலக்கவில்லை. சிற்றுண்டிப் பகுதிக்கு மாற்றினார். அந்த வருடம் முழுவதும் வசந்தியின் ரோல்ஸுக்காகவே எதிரணிகள் எங்கள் மைதானத்துக்கு வர ஆசைப்பட்டன. தர்சினி ஐந்து வருடம் விளையாடினாள். நல்ல ஆட்டக்காரி என்று சொல்வேன், ஆனால் என் சொல்லை யார் எடுப்பார்கள்?

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து 'ஏழு' என்ற எண்ணுக்குத் தனி மதிப்பு. நான் எதையாவது அடித்துப் பேசினால், வங்கி வட்டி, புட்டுக்கு மா குழைக்கும் முறை, எதுவாக இருந்தாலும், வசந்தி பேசாமல் ஏழு விரலைக் காட்டுவாள். தர்சினியின் கல்யாணத்தில் குலம் அண்ணை மேடையில் ஏறி இந்தக் கதையை முழுவதும் சொன்னார். 'உவங்கள் களவெடுத்தது' என்று தான் சொன்ன பகுதியை மட்டும் விட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் சிரித்து முடிக்கும் வரை பந்தி தாமதமாயிற்று.

போன மாதம் தர்சினி என்னைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப் போனாள். தினமும் ஒரு மணித்தியாலம் நடக்கிறேன் என்று வைத்தியரிடம் அடித்துச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் வாயே திறக்கவில்லை. வெளியே வந்த பிறகு, வரவேற்பு மேசைக்கு முன்னால் வைத்துத் தொடங்கினாள். எங்கே நடந்தனீங்கள், எப்ப நடந்தனீங்கள், ஃபிரிட்ஜுக்கும் ரீவிக்கும் நடுவிலையோ, ஏன் அந்த மனுசனிட்டைப் பொய் சொன்னனீங்கள், உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்யிறது என்று கண் கலங்கும் வரை ஏசிவிட்டு, காரை எடுத்து வரக் கீழே போனாள்.

மேசையில் இருந்த தமிழ்ப் பிள்ளை என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

"அங்கிள், அக்கா நல்லா ஏசுறா என்ன?"

"ஓம், பிள்ளை," என்றேன். "வந்த புதுசிலை எட்டு மாசம் ஏசாமல் இருந்தவள். நான் நல்லாக் கஷ்டப்பட்டுப் போனன்."

அவளுக்கு விளங்கவில்லை. அடுத்த தவணைத் துண்டை நீட்டினாள். கீழே ஹோர்ன் சத்தம் கேட்டது, விடாமல், பொறுமையில்லாமல். நான் துண்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கெதியாகப் படி இறங்கினேன்.